மூடிய கேட்டும் தாய்மாமன் சீரும்

பரவை ஊரைத் தாண்டி வரும் ரயில்வே கேட்டில் என் அக்கா நாகஜோதிதான் கேட்கீப்பர். ஸ்டேஷனில் இருந்து போன் வந்து கேட்டை மூடிவிட்டால், ரயில் போகும்வரை திறக்கக் கூடாது. திறந்தால் வேலை போய்விடும். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஊர்ப் பெரியமனிதர் வெள்ளைத்துரைக்கும் தெரியும். தெரிந்ததை மதிப்பதுதான் அவர் அந்தஸ்துக்குக் குறைச்சல்.

ஒருநாள் தன் தங்கை மகள் காதுகுத்துக்கு அவர் தாய்மாமன் சீர் கொண்டுபோனார். கொட்டு, வேட்டு, தலையில் தட்டு சுமந்த பெண்கள், மாலை போட்ட கிடாய். கேட் மூடியிருந்தது. கிளம்பிய சீர் வழியில் நிற்கக் கூடாதாம்.

"ஏத்தா, தூக்கு கேட்ட. சீர் வருதுல்ல?"

"ரயிலும் வருதுண்ணே. செத்த பொறுங்க."

"ரயிலு என்ன, எந்தங்கச்சி மகளுக்குச் சீரா கொண்டு வருது? எல்லாரும் குனிஞ்சு வாங்க!"

முதல் ஆளாகக் குனிந்து அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். பெண்களும் தட்டோடு நுழைந்து கடந்தார்கள். கிடாய் தண்டவாளத்தில் படுத்துவிட்டது. அதை இழுத்துக்கொண்டு அவர் மனைவி பாண்டியம்மாள் நின்றாள். அக்கா ஸ்டேஷனுக்குப் போனில் கத்திவிட்டு, சிவப்புக் கொடியோடு ரயில் வரும் திசையில் ஓடினாள். ரயில் அலறிக்கொண்டே வந்து கேட்டுக்குச் சற்று முன்னால் நின்றது. அதற்குள் மாமன் பந்தலுக்கே போய்ச் சேர்ந்திருந்தார்.

மறுநாள் ரயில்வே போலீஸ் விசாரித்தபோது வெள்ளைத்துரை, "கேட்டு தொறந்துதான் கெடந்துச்சு சார்" என்றார். ஊரே தலையாட்டியது. பாண்டியம்மாளும் ஆட்டினாள். அக்காவை சஸ்பெண்ட் செய்தார்கள்.

அவரைக் கவிழ்த்தது அவர் மச்சினன் அழகுபாண்டி. சீர் வீடியோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டிருந்தான். மூடிய கேட்டுக்கு அடியில் வெள்ளைத்துரை நுழைகிறார். மேலே 'தடையைத் தாண்டும் தாய்மாமன்' என்று பொன்னிற எழுத்து. அதைப் போலீஸிடம் காட்டினோம். அவர்களே சிரித்துவிட்டார்கள்.

"எதுக்குடா அதப் போட்ட?"

"மாஸா இருந்துச்சு மாமா."

கோர்ட்டில் அபராதம் போட்டு, மறுபடி செய்தால் ஜெயில் என்று சொல்லி அனுப்பினார்கள். அக்கா வேலைக்குத் திரும்பினாள்.

போன வாரம் கேட் மூடியிருந்தபோது, பால்காரர் மலைச்சாமி பைக்கைச் சாய்த்து நுழையப் பார்த்தார்.

"ஏய் மாப்ள, சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல!"

அதட்டியது வெள்ளைத்துரை. அந்தச் சட்டத்தையே அவர்தான் எழுதியது போலத் தோரணை. அக்காவிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. ரயில் போகும்வரை நின்றாரே, அது போதும் அவளுக்கு.