காத்திருந்த ரத்தம்

என் ஓரகத்தியைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். சொல்வதற்கு வெட்கம் ஒன்றும் இல்லை; எரிவது என் வயிறு, நான்தானே சொல்ல வேண்டும். கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்தவளை எங்கள் ஆய்வுக்கூடத்தில் சேர்த்துவிட்டதே நான்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

எங்கள் வேலை ரத்தத்தை அளப்பது. ரத்தத்தில் மிதக்கும் சர்க்கரை, கொழுப்பு, அமிலம் என்று நூற்றுக்கணக்கான பொருட்களை இயந்திரம் ஒரே ஓட்டத்தில் அளந்து கொடுத்துவிடும். அவள் வந்த கொஞ்ச நாளிலேயே ஒன்றைக் கண்டுபிடித்தாள். காரணம் தெரியாமல் எந்நேரமும் களைத்துக் கிடக்கும் நோயாளிகளின் ரத்தத்தில் சர்க்கரை குறைவு, லாக்டேட் என்ற பொருள் அதிகம். நல்ல உடம்புக்காரர்களிடம் அப்படி இல்லை. டைரக்டர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். புதிதாகத் தொடங்கும் பிரிவுக்கு யார் தலைமை என்பதை வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் சொல்வதாக இருந்தார். அந்த நாற்காலிக்காக நான் வருடக்கணக்காகக் காத்திருக்கிறேன். வீட்டில் அத்தை வேறு போனில் ஒவ்வொருவராகப் பிடித்து, "நம்ம சின்னவ ஒரு நோயையே கண்டுபிடிச்சிருக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவள் என்று ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து துணி மடிப்பது அவர் கண்ணில் படவே இல்லை.

அந்த வாரம் வேறு வேலையாக மாடி வார்டுக்குப் போனேன். ஜன்னலோரத் தட்டில் களைப்பு நோயாளிகளின் ரத்தம் நிரம்பிய குழாய்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. நர்ஸிடம் கேட்டேன்.

"எல்லா வார்டு ரத்தமும் சேர்ந்த பிறகு ஆள் வந்து மொத்தமா எடுத்துட்டுப் போவாரு மேடம். சில நாள் மத்தியானம்கூட ஆயிடும்."

குழாய்க்குள் போன பிறகும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கும். குழாயை இயந்திரத்தில் வைத்துச் சுழற்றி நீரைத் தனியாகப் பிரிக்கும்வரை அவை சர்க்கரையைத் தின்று லாக்டேட்டைத் துப்பிக்கொண்டே இருக்கும். நல்ல உடம்புக்காரர்கள் என்று அவள் எடுத்துக்கொண்டது எங்கள் ஊழியர்களை. அவர்கள் ரத்தம் எங்கள் அறையிலேயே எடுக்கப்பட்டு, ஐஸில் இறங்கி, உடனே சுழற்றப்பட்டுவிடும். குழாய் வந்து சேர்ந்த நேரத்தைத்தான் அவள் பார்த்திருக்கிறாள், ரத்தம் எடுத்த நேரத்தை இல்லை. ஆக, அம்மணி கண்டுபிடித்தது நோயை அல்ல, தாமதத்தை. படி இறங்கும்போது எனக்கு வாயெல்லாம் பல்.

அவளிடம் நேராகவே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் மூக்கை உடைக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அதற்கு ஆதாரம் வேண்டும். ஒரே ஆளின் ரத்தத்தை இரண்டு குழாய்களில் எடுத்து, ஒன்றை உடனே சுழற்றி, மற்றதை ஜன்னலோரம் கிடக்கவிட வேண்டும். வேறு யாரையாவது கேட்டால் விஷயம் வெளியே போய்விடும் என்று என் கையையே நீட்டினேன். ரத்தம் எடுப்பவருக்கு எங்களிடம் கொசு என்று பெயர், குத்தியதே தெரியாது. அவர் பட்டையைக் கட்டி நரம்பைத் தேடும் நேரம் பார்த்து அவள் உள்ளே வந்தாள்.

"அக்கா, டைரக்டர் அந்தப் புதுப் பிரிவு ரூமைப் போய்ப் பார்க்கச் சொன்னாரு. எதுக்குன்னு தெரியல. நல்லா வெளிச்சமா இருக்கு."

"இருக்கும், இருக்கும்" என்றேன்.

"கையைத் தளர்த்துங்க மேடம்" என்றார் கொசு. எனக்குக் காதில் விழுந்தது, கைக்கு விழவில்லை.

மறுநாள் காலை முடிவு வந்தது. கிடந்த குழாயில் நான் நினைத்தபடியே சர்க்கரை இறங்கி, லாக்டேட் ஏறியிருந்தது. ஆனால் உடனே சுழற்றிய குழாயிலும் லாக்டேட் அவளுடைய நோயாளிகளின் அளவுக்கு நின்றது. பட்டை கட்டிய கையை இறுக்கி இறுக்கி மூடினால் தசை லாக்டேட்டைக் கொட்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நானே எடுக்கும் பாடம் இது. என் பொறாமையை இயந்திரம் அளந்து கையில் கொடுத்துவிட்டது. இதை வைத்துக்கொண்டு கூட்டத்தில் வாயைத் திறக்க முடியாது.

"யாரோட ரத்தம் அக்கா இது?" அவள் என் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

பொய் எதுவும் சட்டென்று வரவில்லை. "என்னுதுதான். உன் குழாயெல்லாம் வார்டுல வெயில்ல கிடக்குது. அதைக் காட்டத்தான் எடுத்தேன்."

அவள் திரையைப் பார்த்தாள். மெல்ல முகம் விழுந்துபோனது. அதைப் பார்க்கத்தான் இத்தனை பாடுபட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"கையை இறுக்கிட்டீங்களா?"

நான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையை நீட்டினாள்.

"இதைக் காட்டினா யாரும் ஒத்துக்க மாட்டாங்க. என் கையில எடுக்கச் சொல்லுங்க."

"உன் கண்டுபிடிப்பு போயிடும்டி."

"தப்பா இருந்தா போகட்டுமே அக்கா."

கொசு வந்து பட்டை கட்டினார். அவள் விரல்கள் தளர்ந்து கிடந்தன. அவளிடம் கையைத் தளர்த்தச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவள் ரத்தம் பளிச்சென்று உண்மையைச் சொன்னது. உடனே சுழற்றியது நல்ல உடம்பு, காத்திருந்தது அச்சு அசல் நோயாளி. கூட்டத்தில் அதை அவளே எழுந்து சொன்னாள். கண்டுபிடித்தது அக்கா என்றும் சொன்னாள். டைரக்டர் பிரிவை என்னிடம் கொடுத்தார். அத்தைகூட அன்று போனில், "பெரியவ கெட்டிக்காரி" என்று யாரிடமோ சொன்னார்.

திங்கட்கிழமை புது அறையில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, ஐஸ் பெட்டி வேணும். வார்டுல நானே நின்னு எடுத்து, அங்கேயே சுழற்றி, மறுபடி மொதல்ல இருந்து பார்க்கப் போறேன். அவங்க களைப்புக்கு ஒரு காரணம் இருக்கும்ல?"

அவள் முகத்தில் வருத்தம் இருக்கிறதா என்று தேடினேன். மருந்துக்குக்கூட இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்த முகம். எடுத்துக்கொள் என்றேன். சரியென்று தலையாட்டிவிட்டு ஓடினாள். நான் வருடக்கணக்காகக் காத்திருந்து உட்கார்ந்த நாற்காலியை அவள் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கு அது ஒருநாளும் வேண்டியிருக்கவே இல்லை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.