ராஸ்கோவின் முதுகு

“புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கிச்சாம். இவன் கிடாருக்கே போட்டுட்டான்! பாருங்க, எல்லாரும் பாருங்க!”

கச்சேரித் திடலின் வண்டி நிறுத்தத்தில், அத்தனை பேர் முன்னால் என் கிடாரைத் தூக்கிக் காட்டினான் ராஸ்கோ. செத்துப்போன எங்கள் கிடார் மன்னன் லைல் ப்ரூவிட், வாசிக்கும்போது பாதி சிகரெட்டைக் கிடாரின் தலையில் செருகி வைப்பான். அவன் கிடாரில் அங்கே ஒரு கருகல் விழுந்திருந்தது. நான் சிகரெட் பிடிக்காதவன். அந்தக் கருகலுக்காகவே ஒரு பெட்டி வாங்கி, இருமி இருமிச் சுட்டேன். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

“கையை எடுடா,” என்றேன்.

“புத்துநோயை எப்ப வாங்கப் போற, ஹோலிஸ்? அதுவும் லைல்கிட்ட இருந்துச்சே.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

வெர்மான்ட்டில் லைலின் காப்பர் ஹெரான் இசைக்குழு ரசிகர்களுக்கு ராஸ்கோ சொன்னதுதான் வேதவாக்கு. கச்சேரிக்குக் கச்சேரி ஓட்டை வேனில் வந்து, வெளியே சீஸ் ரொட்டி சுட்டு விற்று, அந்தக் காசிலேயே அடுத்த ஊர்க் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கி வாழ்நாளைக் கழித்தவன். லைல் காலத்திலிருந்தே மேடைக்கு முன்னால் உள்ள கம்பியின் இடது மூலை ராஸ்கோவின் இடம்.

லைல் இறந்து அந்தக் கோடையோடு ஐந்து வருஷம். இரண்டு நாள் நினைவுக் கச்சேரிக்குக் குழுவில் மிச்சமிருந்த மூவரும் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். லைல் போனபின் யாருமே தொடாத ஓடைப் பாட்டை நான் வாசிக்க வேண்டும். ரசிகர்கள் ஏற்றுக்கொண்டால் லைலின் இடம் எனக்கு. இல்லாவிட்டால் பழையபடி என் வீட்டுக் கொட்டகையில் சுவரைப் பார்த்து வாசிக்க வேண்டியதுதான்.

எங்கள் கூட்டத்தில் ஒருவனைப் பிடிக்கவில்லை என்றால் கூச்சல் போடுவதில்லை. முன்கம்பியில் நிற்பவர்கள் மேடைக்கு முதுகைக் காட்டுவார்கள். அதைப் பார்த்துப் பின்னால் இருப்பவர்களும் திரும்பிவிடுவார்கள். இதற்கு முன் லைலின் இடத்துக்கு வந்த ஒருவன், வேறொரு பாட்டின் பாதியிலேயே அழுதுகொண்டே இறங்கிப் போனான். அன்று முதலில் திரும்பிய முதுகு ராஸ்கோவுடையது.

“லைல் விட்டுட்டுப் போனது அந்த ஓசைடா,” என்றேன். “கிடாருக்கு அதே மரம், அதே காலத்து ஆம்ப்ளிஃபையர், அதே ஸ்பீக்கர். நாயா அலைஞ்சு சேர்த்திருக்கேன். நீ என்னத்தைக் கிழிச்ச? ரொட்டி சுட்ட.”

“ஓசையாம் ஓசை! இன்னிக்கு வாசிச்சதை நாளைக்கு வாசிக்காதவன்டா லைல். அவனைப் போய் மனப்பாடம் பண்ணி ஈயடிச்சான் காப்பி அடிக்கிறியே, வெக்கமா இல்ல?”

“உனக்குப் பொறாமை.”

“ஆமா, பூனைச் சூட்டைப் பாத்துப் பொறாமை! நல்லாக் கேட்டுக்க. நீ ஓடைப் பாட்டைத் தொடு, நான் திரும்பி நிக்கிறேன்.”

“நில்லு. உன் மூஞ்சிக்கு முதுகே மேல்.”

மதிய வெயிலில் மேடையேறினேன். ஓடைப் பாட்டைத் தொட்டதுமே சொன்னபடி திரும்பினான். அவன் பனியனின் முதுகில் லைலின் முகம் அச்சடித்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்தபடி, அதற்குச் சொந்தமான வாசிப்பையே பிசகாமல் வாசித்தேன்.

வேறு ஒருவரும் திரும்பவில்லை. ஆடிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்று ராஸ்கோவையே பார்த்தார்கள். நல்லா வேணும், தனியா மாட்டிக்கிட்டான் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

ஓடைப் பாட்டை முடிப்பது கிடார்காரன் கையில். அவன் அந்தக் கடைசி இறக்கத்தை வாசித்தால்தான் மற்றவர்கள் நிறுத்துவார்கள். ராஸ்கோ திரும்பாமல் நான் வாசிப்பதாக இல்லை. பாட்டை இழுத்தேன், இழுத்துக்கொண்டே போனேன். “முடிச்சுத் தொலைடா பாவி, கை கழண்டுடும்!” என்று பின்னாலிருந்து கத்தினாள் டிரம்ஸ் வாசிக்கும் ட்ரூடி. நான் மனப்பாடம் செய்திருந்த லைல் முழுவதும் தீர்ந்துபோனான். வேறு வழியில்லாமல் என் சொந்தச் சரக்கை எடுத்துவிட்டேன். கொட்டகைச் சுவரைத் தவிர யாரும் கேட்டிராதது.

உடனே ராஸ்கோ திரும்பினான். முகமெல்லாம் கண்ணீர்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பாட்டை முடித்தேன். திடலே அதிர்ந்தது. கிடாரைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராக அவன் வேனுக்கு ஓடினேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான்.

“எப்படி? என் சொந்தச் சரக்குடா அது! அழுதுட்டே திரும்பினியே. ஒத்துக்க.”

“நான் ஆரம்பத்துலேர்ந்தே அழுதுட்டுத்தான் இருந்தேன். ஊரே பாத்துச்சு. உனக்குத்தான் தெரியல.”

“என்னடா உளர்ற?”

“உன்னை வெறுப்பேத்தத்தான் திரும்பினேன். திரும்பினதும் என் பின்னாடி லைல் வந்து நின்னான். சத்தியமா சொல்றேன், அவனேதான். உன் மரம், உன் கருகல், எல்லாம் பலிச்சுடுச்சுடா படுபாவி. சாகுற வரைக்கும் அப்படியே நின்னிருப்பேன்.”

“அப்புறம் ஏன் திரும்பின?”

கத்தியைக் கீழே வைத்தான். “திடீர்னு அவனைக் காணோம். எவன்டா அவனை விரட்டினதுன்னு பாத்தேன். நீ நின்னுட்டு இருந்த.”

ஓங்கி அறையலாம் போலிருந்தது. அறைந்திருந்தால்கூட அவன் கவலைப்பட்டிருக்க மாட்டான்.

“நாளைக்கும் அவனையே வாசி,” என்றான். “உன்னோடதை வீட்லயே வச்சிட்டு வா.”

“போடா நாயே,” என்றேன்.

மறுநாள் காலையிலேயே ட்ரூடி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். “உன்னை ஏத்துக்கிட்டாங்கடா! இனிமே நீதான்!” எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேடையேறிய பிறகுதான் விளங்கியது.

ராஸ்கோ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. திரும்பி நின்றால் லைல் வருகிறான் என்ற சேதி திடல் முழுக்கப் பரவியிருந்தது. நான் கிடாரை மாட்டுவதற்குள் முன்கம்பியிலிருந்து கடைசி மரம் வரை அத்தனை பேரும் எனக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு, ஏதோ கோயிலில் நிற்பதுபோல் சத்தமில்லாமல் காத்திருந்தார்கள். நான் அலைந்து அலைந்து தேடியது இதைத்தான். கிடைத்துவிட்டது.

ராஸ்கோவின் பனியனிலிருந்து லைல் என்னைப் பார்த்தான். மன்னிச்சுக்கடா என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, முதல் மீட்டலிலிருந்தே என் சொந்தச் சரக்கை வாசிக்க ஆரம்பித்தேன்.

முதலில் ராஸ்கோ திரும்பினான். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ஒரு முகத்திலும் சிரிப்பில்லை. யாரோ காலி டப்பாவை வீசினார்கள், ட்ரூடி பின்னால் ஏதோ கத்தினாள். கத்தட்டும். அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள்.