கியர் அவருடையது

மலை உச்சியைத் தாண்டிச் சாலை இறங்கத் தொடங்கியதும் ரொட்டிக்காரர் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவர் மனைவி அதை ஓரக்கண்ணால் பார்த்தாள். சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. வீட்டு வாசலில் கிளம்பியதிலிருந்து அந்தக் கைகள் சும்மா இருக்கவில்லை. சீட் பெல்ட்டை இழுத்தன, கண்ணாடியைத் துடைத்தன, கண் டாக்டரிடம் காட்ட வேண்டிய ரிப்போர்ட்டை எடுத்து எடுத்து உறைக்குள் வைத்தன. நடுவில் நிற்கும் அந்தக் கருப்புக் கம்பியை மட்டும் தொடக் கூடாது. அது கியர் மாதிரி இருக்கும், ஆனால் கியர் இல்லை.

அவர் பேக்கரி வேன் ஓட்டியவர். கீழேயுள்ள பேக்கரியிலிருந்து மேலே உள்ள கடைகளுக்கெல்லாம் இந்தச் சாலையில்தான் விடியும் முன்பே ரொட்டி ஏற்றி வருவார். வேன் போய் எவ்வளவோ காலமாகியும் தெருவில் அவர் ரொட்டிக்காரர்தான், அவள் தையல்காரம்மாதான். பிறகு அவர் பார்வை இரண்டு பக்கமும் சுருங்கிக்கொண்டே வந்தது. நேராக இருப்பது பளிச்சென்று தெரியும், பக்கத்தில் யானை நின்றாலும் தெரியாது. டாக்டர் இனி ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள் என்றார். இவர் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அவள்தான், ஐம்பதைத் தாண்டிய வயதில், ஒரு கையில் அளவு நாடாவும் மறு கையில் பழகுநர் உரிமமுமாக அலைந்து ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

கற்றுக்கொண்டாள் என்றால் முக்கால்வாசி. பழைய காரில் அவள் கை கியருக்குப் போவதற்குள் அவர் கை அங்கே இருக்கும். சொல்லிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், கேட்டால்தானே. கடைசியில் அதுவே வழக்கமாகிப்போனது. அவள் கிளட்சை மிதித்து "ம்" என்பாள், அவர் கியரை மாற்றுவார். ஒரு வார்த்தை பேச்சில்லாமல் கோபமாக இருக்கும் நாட்களிலும் அந்த "ம்" மட்டும் நிற்காது. ஒரு வண்டிக்கு இரண்டு டிரைவரா என்று தெருவே கேலி செய்தது. செய்யட்டும். அந்த ஒரு வேலையும் போய்விட்டால் அவர் காய்கறிப் பை மாதிரி ஏற்றி இறக்கப்பட வேண்டிய ஆள்தான். இருவருக்கும் அது தெரியும், இருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பழைய கார் படுத்துவிட்டது. மகளும் மருமகனும் சேர்ந்து ஆட்டோமேட்டிக் ஒன்றை வாங்கிக் கொடுத்தார்கள். கிளட்ச் இல்லை. கியர் தானாகவே மாறும். ஷோரூமில் விற்பனையாளர் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருந்த இரண்டு பட்டைகளைக் காட்டினார்.

"இதுதாம்மா பேடில் ஷிஃப்டர். இடது பக்கம் மைனஸ், இழுத்தா ஒரு கியர் எறங்கும். வலது பக்கம் பிளஸ், ஏறும். ஸ்டியரிங்க விட்டுக் கைய எடுக்கவே வேணாம்."

"இதுலேர்ந்து கியருக்குக் கம்பி போகுதா?" என்று ரொட்டிக்காரர் கேட்டார்.

"கம்பியெல்லாம் இல்ல சார். வெறும் சுவிட்சு. எறக்குன்னு நீங்க கேக்கறீங்க, அவ்வளவுதான். உள்ள கம்ப்யூட்டர் இருக்கு, அது வேகத்தப் பாக்கும். அந்த வேகத்துல எறக்கினா இஞ்சினுக்கு ஆபத்துன்னா பீப்னு கத்திட்டுக் குடுக்காது. குடுத்தாலும், நேரான ரோட்டுல கொஞ்ச நேரம் சும்மா விட்டீங்கன்னா அதுவே பழையபடி எடுத்துக்கும்."

"கேக்கலாம், முடிவு அது பண்ணும். எங்க வீட்டுக்காரர் மாதிரியே இருக்கு" என்றாள் அவள். விற்பனையாளர் விழுந்து விழுந்து சிரித்தார். ரொட்டிக்காரர் சிரிக்கவில்லை. தன் சீட்டிலிருந்து கையை நீட்டி அந்தப் பட்டைகள் எட்டுகிறதா என்று பார்த்தார். எட்டவில்லை.

சமதரையில் அந்தப் பட்டைகளுக்கு வேலையே இருக்கவில்லை, அவருக்கும்தான். அதனால்தான் மலைக்கு அந்தப் பக்கம் டாக்டரைப் பார்க்கப் போக வேண்டும் என்றதும் மனிதருக்கு ஒரு களை வந்தது. முந்தின நாளே சொல்லிவிட்டார். "எறக்கத்துல இந்த வண்டி தானா பெரிய கியருக்குப் போயிடும். பிரேக்கையே மிதிச்சிட்டிருந்தா சூடேறிப் பிடிக்காமப் போயிடும். சின்ன கியர்ல இஞ்சினே இழுத்துப் பிடிக்கணும். நான் சத்தத்த வெச்சுச் சொல்றேன், நீ இழு." அவள் சரியென்று தலையாட்டினாள். காது அவருடையது, விரல் அவளுடையது. நல்ல ஏற்பாடு என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

காது காலை வாரிவிட்டது. புது வண்டிக்குள் இஞ்சின் சத்தமே கேட்கவில்லை. கண்ணாடிகள் மூடியிருந்தன, ஏசி மட்டும் மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவர் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டார். அவர் சொல்லுவார் என்று அவள் காத்திருந்தாள். இரண்டு வளைவு போனது, மூன்றாவதும் போனது. அவள் கால் பிரேக்கிலேயே கிடந்தது. ஏதோ தீய்ந்த வாடை வந்தபோதுதான் அவருக்கு உறைத்தது.

"பிரேக் வாடை அது. எறக்கு, சீக்கிரம்."

இடது பட்டையை இழுத்தாள். பீப் என்றது. மறுபடி இழுத்தாள். மறுபடி பீப். வேகம் அதிகமாகிவிட்டது, வண்டி கொடுக்க மாட்டேன் என்கிறது. எதிரே அடுத்த வளைவு, அதற்கப்பால் வெறும் ஆகாயம். பயத்தில் அவள் வாயில் வந்தது ஒரே ஒரு சொல்தான்.

"ம்."

சொல்லி வாய் மூடவில்லை, அவர் கை தொடைக்கு அடியிலிருந்து பாய்ந்து நடுக் கம்பியைப் பிடித்து, நாலிலிருந்து மூன்றுக்குத் தள்ளுவதைப் போல முன்னால் தள்ளியது. பழைய காராக இருந்தால் மூன்றில் விழுந்திருக்கும். இது எந்தக் கியரும் பிடிக்காத நியூட்ரலில் விழுந்தது. பிடித்திருந்த கொஞ்ச நஞ்சத்தையும் விட்டுவிட்டு வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது.

அவள் அந்தக் கையை ஓங்கி அடித்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல் அடி. பிரேக்கைப் பலம் கொண்ட மட்டும் மிதித்தாள், பிறகு கம்பியைப் பின்னால் இழுத்துப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். வேகம் குறைந்த நொடியில் இடது பட்டையை இழுக்க, இந்த முறை வண்டி கொடுத்தது. இஞ்சின் உறுமி வண்டியைப் பின்னுக்குப் பிடித்தது. இன்னொரு தடவை இழுத்தாள். அதுவும் கிடைத்தது. நடை வேகத்தில் வளைவைத் திரும்பி, சாலை அகலமாக இருந்த ஓரத்தில் நிறுத்தினாள்.

சக்கரங்களிலிருந்து வாடை அடித்துக்கொண்டிருந்தது. அவை ஆறட்டும் என்று அவள் இஞ்சினை அணைத்தாள்.

"நானா தள்ளினேன் அத?" என்று அவர் கேட்டார்.

"நான்தாங்க ம்னு சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது."

"நீ பழக்கத்துல சொன்ன. நான் யோசிக்காமத் தள்ளினேன். கொன்னிருப்பேன் உன்ன." கையைப் பார்த்தார். சிவந்திருந்தது. "நான் பின்னாடி போயிடறேன்."

வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயெடுத்தாள். அவர் கதவைத் திறந்து இறங்கி, வண்டியைத் தடவிக்கொண்டே போய்ப் பின் கதவைத் திறக்கும் வரை அந்தச் சொல் வரவேயில்லை. அவர் பின்னால் உட்கார்ந்து கதவை மூடியதும் அவளுக்கு மூச்சு சீராக வந்தது. நிம்மதி, வேறொன்றுமில்லை. அந்த நிம்மதியை நினைத்துத்தான் அவளுக்குக் கண் கலங்கியது.

வண்டியை எடுத்தாள். வேகம் ஏறும் முன்பே இழுக்க வேண்டும் என்பது இப்போது விரலுக்குத் தெரிந்துவிட்டது. இழுத்தாள், கொடுத்தது. அடுத்த வளைவுக்கும் அப்படியே. காலியான பக்கத்துச் சீட்டில் ரிப்போர்ட் உறை மட்டும் இப்படியும் அப்படியும் நகர்ந்தது. இவ்வளவு சுலபமாகவா இருக்கும் என்று அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

அடுத்த இறக்கம் நீளமானது. இழுக்க வேண்டிய இடம் அவளுக்குத் தெரிந்தது. இழுக்கவில்லை. விரலைப் பட்டையின் மேல் வைத்துக்கொண்டு, அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். வண்டி மெல்ல வேகமெடுத்தது.

"எனக்காக வண்டிய ஓட விடாத" என்றார் அவர், குரலை உயர்த்தாமல். "இழு."

இழுத்தாள். இஞ்சின் பிடித்துக்கொண்டது.

அதற்கடுத்த வளைவில் அவள் காத்திருக்கவில்லை. திரும்பி முடித்த பிறகு, உள் கண்ணாடியை ஒரு நொடி பார்த்தாள். அவர் ஜன்னலோரத்தை விட்டு நடுவுக்கு நகர்ந்து வந்திருந்தார். முன்னால் குனிந்து, இரண்டு சீட்டுகளுக்கும் இடையே இருக்கும் சந்தில் முகத்தை வைத்து, அங்கிருந்து நேராகத் தெரிந்த அந்த ஒரு துண்டுச் சாலையை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.