மூன்றாவது ராஜா

அன்று மாலை கூடத்தில் இருந்தவர்கள்: வீட்டுக்காரி செல்வமேரி, அவள் மகன் பெஞ்சமின், மகள் லிசி, கடைசியாக இஸ்திரிப் பெட்டி கேட்டு மாடியிலிருந்து இறங்கி வந்த நீமா. நீமா தான்சானியாக்காரி. திருச்சியில் எம்.எஸ்ஸி. படிக்க வந்தவள், திருவானைக்காவலில் இவர்கள் வீட்டு மாடியில் குடியிருந்தாள்.

குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு மாதா கோயிலில் நாடகம். மூன்றாவது ராஜா கருப்பு என்பதால் வருஷா வருஷம் யாராவது ஒருவன் முகத்தில் கரி பூசுவார்கள். இந்த வருஷம் பெஞ்சமின். கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து லிசி அவன் கன்னத்தில் அப்பிக்கொண்டிருந்தாள்.

"நல்ல நேரத்துல வந்தம்மா," என்று செல்வமேரி சிரித்தாள். "கலர் சரியா இருக்கா, பாத்துச் சொல்லு."

பெஞ்சமின் பல்லைக் காட்டினான். லிசியும் சிரித்துவிட்டாள். நீமா பெட்டியை வாங்காமலே மேலே போனாள்.

அதற்குப் பிறகு சாயங்காலக் காபிக்கு அவள் வரவில்லை. மொட்டைமாடியில் உட்கார்ந்து அவளும் லிசியும் ஊர்வம்பு பேசும் நேரம் அது. லிசிக்கு வேறு சிநேகிதி கிடையாது. தனியாகக் குடித்த காபி வாய்க்கு வழங்கவில்லை. பொறுக்கமாட்டாமல் போய்க் கதவைத் தட்டினாள்.

"என்ன தப்புன்னு சொல்லு நீமா, நான் கத்துக்கிறேன். நாங்களும் கருப்புதானே? என்னைப் பொண்ணு பாக்க வந்தவனே கருப்புன்னுட்டுப் போனான்."

நீமாவின் தமிழ் இந்த வீட்டில் பழகியது. "பஸ்ல உன் பக்கத்து சீட்டு காலியாவே வருதா? உன்னைக் கேக்காம போட்டோ எடுக்கிறாங்களா? எல்லாத்தையும் நான் சொல்லணும், நீ அழுவ. அப்புறம் நான்தான் உன்னைச் சமாதானப்படுத்தணும். நாளைக்கு எனக்குப் பரீட்சை. போ லிசி."

உறையூரில் ஒரு சேலைக் கடையில் பில் போடும் வேலை லிசிக்கு. போக வர பஸ்ஸில் போனில் தேடிப் படித்தாள். கருப்பர்களைக் கேலி செய்வதற்கென்றே மேடையில் முகத்துக்குக் கரி பூசிய வெள்ளைக்காரர்கள். இங்கேயே அடிபட்ட ஆப்பிரிக்க மாணவர்கள். வாடகை வீட்டில் தங்களுக்கு மட்டும் போடப்படும் கட்டுப்பாடுகளைப் பற்றி அவர்களில் ஒரு பெண் எழுதியிருந்ததைப் படித்ததும் போனை மடியில் கவிழ்த்தாள்.

பொழுது சாய்ந்தால் நீமாவைப் பார்க்க யாரும் வரக்கூடாது. அம்மா போட்ட சட்டம். நீமா வந்த புதிதில் அதை இங்கிலீஷில் இதமாக, 'உன் பாதுகாப்புக்குத்தான்' என்று சொன்னதே லிசிதான். முன்பு குடியிருந்த கேரளத்துப் பையன்கள் மாடியில் கூட்டம் போட்டுப் பாட்டுப் பாடினார்கள். அவர்களுக்கு எந்தச் சட்டமும் இல்லை.

"அவளுக்கு மட்டும் ஏம்மா?"

"அவங்க ஆளுங்க கும்பலா வந்து போனா தெரு என்னடி பேசும்?"

"அன்னைக்கு நம்ம பேசுனதைவிடவா?"

"நீ என்ன அவளுக்கு வக்கீலா?"

தட்டில் மத்தியானச் சோறு ஆறிப்போகும்வரை சண்டை. கடைசியில், "என்னமோ பண்ணித் தொலை," என்றாள் செல்வமேரி.

இனி அந்தச் சட்டம் இல்லை என்று சொல்ல லிசி மேலே ஓடினாள். நீமா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். ஸ்ரீரங்கத்தில் அவள் ஊர்ப் பெண்கள் வீடு எடுத்திருந்தார்கள்.

"சட்டம் சொன்னது என் வாய். கரி பூசினது என் கை. சிரிச்சதும் நான்தான்," என்றாள் லிசி. கேள்வி எதுவும் கேட்கவில்லை. அழுகை வந்தது, விழுங்கிக்கொண்டாள்.

நீமா ஒரு சட்டையை மடித்து முடித்தாள். "சரி. கேட்டுக்கிட்டேன்," என்றாள். பிறகு பெட்டியை மூடி, "அந்தப் பக்கம் பிடி," என்றாள்.

இருவரும் ஆட்டோவில் ரயில்வே மேம்பாலம் தாண்டிப் போனார்கள். காபி நேரம். புது வீட்டு வாசலில் பெட்டியை இறக்கியபோது உள்ளே யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். ஏதோ கொதிக்கும் வாசனை வந்தது. 'உள்ளே வா' என்ற சொல்லை எதிர்பார்த்து லிசி தன் செருப்பைப் பாதி கழற்றியிருந்தாள்.

நீமா அதைப் பார்த்தாள். "இன்னிக்கு வேணாம் லிசி," என்றாள். பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தி, உள்ளிருந்து பூட்டினாள்.