நடுவிட்டம்

ஜேர்மனியின் குவெட்லின்பேர்க் நகரத்துப் பழைய மரச்சட்ட வீடுகளை அளந்து வரைவதற்காக மார்ச் மாதத்தில் பதினெட்டு மாணவர்கள் போனார்கள். வுப்பர்டாலைச் சேர்ந்த தேனுஜா அவர்களில் ஒருத்தி. கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு. அவளுக்கும் சக மாணவன் மால்டேக்கும் கிடைத்தது, பல வருடங்களாக ஆளில்லாத மூன்று மாடி வீடு.

மேல்மாடித் தரையைத் தாங்கிய நடுவிட்டத்தைத் தேனுஜா பேனாக்கத்தியால் குத்திப் பார்த்தாள். கத்தி பிடிவரை இறங்கியது. கீழே ஓடிவந்து, அவர்களைக் கூட்டிவந்து வாசலில் நின்ற பேராசிரியரிடம் விட்டம் உக்கிவிட்டது என்று சொன்னாள்.

"நானூறு வருடம் நின்ற வீடு. உன் எடைக்கா விழப்போகிறது?" என்றார் அவர். பக்கத்தில் நின்ற மாணவர் இருவர் சிரித்தார்கள். "மூன்று மணிக்குச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சீக்கிரம் முடியுங்கள்."

மேலே ஏறியபோது மால்டே அளவுநாடாவைப் பிடித்தபடி காத்திருந்தான்.

"என்ன சொன்னார்?"

"தொடரச் சொன்னார்."

விட்டத்தைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. இன்னொருவனும் சிரித்துவிடுவானோ என்று கூச்சமாக இருந்தது. நாடாவின் ஒரு முனையை அவளிடம் கொடுத்துவிட்டு, அளவை வாசிக்க மால்டே நடுத்தரைக்குப் போனான். பலகை உடைந்த சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை. அவள் கையிலிருந்த நாடா விருட்டென்று இழுபட்டுப் போனது. மாடிகளைப் பிய்த்துக்கொண்டு அவன் நிலவறைவரை விழுந்திருந்தான். மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் இறந்துபோனான்.

மே மாதம் பல்கலைக்கழக அறிக்கை வந்தது. பேராசிரியரின் எச்சரிக்கையை மீறி மாணவன் கவனக்குறைவாக நடந்துகொண்டான் என்று அதில் இருந்தது. சிரித்த இருவரும் தங்களுக்கு எதுவும் ஞாபகமில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அரச வழக்குத்தொடுநர் அலுவலகத்துக்கு விசாரணைக்கு வரச்சொல்லித் தேனுஜாவுக்கும் கடிதம் வந்தது. வுப்பர்டாலில் பஸ் ஓட்டும் அவளுடைய அப்பா இராசலிங்கம் அதை இரண்டு தரம் வாசித்தார்.

"அந்தப் பேராசிரியர் பெரிய ஆள், பிள்ளை. உன்ர படிப்பை மறிச்சுப் போடுவினம். ஒண்டும் தெரியாதெண்டு சொல்லிப்போட்டு வா."

"ஏலாது அப்பா. செத்தவன்ர தலையில பழியைப் போட்டிருக்கினம். நான் அவருக்குச் சொன்னனான். மால்டேக்குத்தான் சொல்லேல்லை. அதையும் சொல்லப்போறன்."

"அதை ஆர் கேட்டது?"

"ஒருத்தரும் கேக்கேல்லை."

இராசலிங்கம் கடிதத்தை மடித்தார். "எத்தினை மணிக்கு அந்த விசாரணைத் தேர்மீன்?"

"பத்துக்கு."

"லீவு போடுறன். நானும் வாறன்."

விசாரணையில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அதற்குப் பிறகு மால்டேயைக் குற்றம்சொன்ன வரி அறிக்கையிலிருந்து நீக்கப்பட்டது. பேராசிரியர் அபராதத்தோடு தப்பினார். அடுத்த தவணையே வகுப்பெடுக்க வந்துவிட்டார்.

ஆனால் வாக்குமூலம் கொடுத்த அன்றே, அந்த அலுவலக நடையில், மால்டேயின் தாய் அவளை மறித்திருந்தாள். தாயையும் அன்று அழைத்திருந்தார்கள்.

"மரம் உக்கியிருந்தது அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் சொல்லவில்லை."

"தெரிந்திருந்தால் போயிருப்பானா?"

"போயிருக்க மாட்டான்."

அந்தப் பெண் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

திரும்பும் வழியில், நெடுஞ்சாலைத் தரிப்பிடமொன்றில் தேனுஜா காரை நிற்பாட்டச் சொன்னாள். இறங்கிப் புல்லில் வாந்தியெடுத்தாள். இராசலிங்கம் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்துவிட்டு, அவள் நிமிரும்வரை முதுகில் கை வைத்தபடி நின்றார்.