இரண்டு கையிலும் மெஹந்தி

காது கேட்காத ஒருத்தியின் இரண்டு கையிலும் ஒரே நேரத்தில் மெஹந்தி போட்டு உட்கார வைப்பது, காது கேட்கிறவள் வாயில் பிளாஸ்திரி ஒட்டி உட்கார வைப்பதற்குச் சமம். ஷாகிதாவின் வருங்கால மாமியார் ஃபக்ருன்னிசா இதைத் தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று இன்றுவரை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தெரிந்தேதான் செய்தார். பந்தயமே கட்டுவேன்.

நான் காவ்யா, அண்ணனூர்க்காரி. எனக்கும் ஷாகிதாவுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. அம்பத்தூரில் ஒரே கம்பெனியில் பேக்கிங் வேலை. எங்கள் இருவரையும் எதிரெதிராக உட்கார வைக்கக் கூடாது என்று சூப்பர்வைசர் உத்தரவு போட்டிருக்கிறார். பேச்சு நிற்காது, பெல்ட்தான் நிற்கும் என்பார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஷாகிதா கவிதை கட்டுவாள், கையால். உங்கள் கவிதைக்கு எதுகை காதில் விழும்; எங்கள் கவிதைக்கு அது கையின் வடிவத்தில் இருக்கிறது. ஒரே வடிவத்தை வைத்துக்கொண்டு கவிதை முழுவதையும் ஓட்டுவதுதான் சாமர்த்தியம். கல்யாணத்துக்காக அவள் கட்டியது முழுக்க விரித்த உள்ளங்கை. பள்ளிக்கூடத்தில் ‘கையைக் கட்டு’ என்று ஸ்கேலால் வாங்கிய அடி அந்த உள்ளங்கையில் விழும். அடி வாங்கிய கை மீனாகித் துள்ளும். மீன் ரயிலாகும். ரயில் நின்றதும் அதே கை கதவாகத் திறக்கும். இறங்குகிறவள் அந்தக் கையை நெஞ்சில் வைத்துக்கொள்வாள்: இது என் கை. எழுதினால் சப்பென்று இருக்கிறது, தெரியும். நேரில் பார்த்திருந்தால் உங்களுக்கு மயிர்க்கூச்செறிந்திருக்கும்.

மாப்பிள்ளை முஸ்தகீமுக்கும் காது கேட்காது. கரையான்சாவடியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். ஷாகிதாவோடு வீடியோ காலில் அவன் கை ஓயாது. அம்மா அறைக்குள் வந்தால் மட்டும் இரண்டு கையும் பாக்கெட்டுக்குள் ஓடிவிடும். நிச்சயதார்த்தம் முழுக்க அப்படித்தான் நின்றான், பர்ஸைப் பறிகொடுத்தவன் மாதிரி. அந்த அம்மா கெட்டவர் இல்லை. பிள்ளையைப் பேச்சுப் பயிற்சிக்கு இழுத்துக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கியவர். நாலு பேர் எதிரில் கையாட்டினால் பிள்ளையைக் கேலி செய்வார்களே என்று பயம். அந்தப் பயம் இப்போது மருமகள்மேலும் பாய்ந்துவிட்டது. கல்யாண மேடையில் கை மடியிலேயே இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

“ரெண்டு முஸ்தகீம் இருக்கான்டி,” என்று ஷாகிதா என்னிடம் கையால் கொட்டித் தீர்த்தாள். “பாக்கெட்ல கை இருக்கறவன நான் கட்டிக்க மாட்டேன்.”

அவள் திட்டம் இதுதான். மெஹந்தி அன்று சாயங்காலம் திருவேற்காட்டில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கு வீடியோ கால் போகும். அங்கே சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இருப்பார்கள். அவள் கவிதையைச் செய்வாள். எல்லார் முன்னாலும் அவன் கையால் பதில் சொன்னால் கல்யாணம். கை பாக்கெட்டிலேயே இருந்தால் மறுநாள் அவள் மேடை ஏற மாட்டாள். விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

நான் பூந்தமல்லியில் அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கூடத்து நடுவில் ஷாகிதா உட்கார்ந்திருந்தாள். தலையணைக்கு ஒன்றாக இரண்டு கையும் நீட்டி, விரல் நுனியிலிருந்து முழங்கை வரை ஈர மெஹந்தி. ஃபக்ருன்னிசா சீக்கிரமே வந்து, கூடவே மெஹந்தி போடும் பெண்கள் இரண்டு பேரைக் கூட்டிவந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொள்ள வைத்துவிட்டார். மறுத்துச் சொல்லவும் கைதானே வேண்டும்? என்னைப் பார்த்ததும் ஷாகிதாவின் புருவம் இரண்டும் கூரைக்குப் போயின. அந்தப் புருவங்கள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஷாகிதாவின் தங்கை ஃபிசாவுக்குக் காது கேட்கும். இரண்டு மொழிக்கும் நடுவில் ஓடி ஓடியே இளைத்தவள். இனி இந்தக் கதையில் வாயால் பேசப்பட்டதெல்லாம் அவள் கை வழியாகத்தான் எனக்கு வந்தது.

“இப்ப இன்னாக்கா பண்றது?” என்றாள் ஃபிசா.

“என் கையை அவளுக்குக் கடன் கொடுக்கறேன்,” என்றேன். கவிதை எனக்கு மனப்பாடம்.

ஷாகிதாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். ஃபிசா அவள் துப்பட்டாவை என் தலைக்கும் சேர்த்து மூடினாள். ஷாகிதாவின் அக்குள் வழியாக என் கைகளை முன்னால் நீட்டினேன். முகம் அவளுடையது, கை என்னுடையது. கூடத்திலிருந்த பெண்கள் பார்த்த மணப்பெண்ணுக்கு நாலு கை. அதில் இரண்டில் ஊதா நெயில் பாலிஷ்.

ஃபக்ருன்னிசா மெஹந்தியைக் காட்ட மகனுக்கு வீடியோ கால் போட்டு, எதிரில் போனை நீட்டிக்கொண்டிருந்தார். “இன்னாடி இது கூத்து!” என்றாராம். போனின் அந்தப் பக்கம் முஸ்தகீம், அவனுக்குப் பின்னால் மாமாக்கள், சித்தப்பாக்கள், அவர்கள் தோளுக்கு மேல் எட்டிப்பார்க்கும் இன்னும் பத்துத் தலை.

ஆரம்பித்தேன். ஸ்கேல் அடி நன்றாகவே விழுந்தது. மீன் துள்ளியபோது நேராக ஷாகிதாவின் மூக்கில் போய் இடித்தது. எனக்குத்தான் எதுவும் தெரியவில்லையே, அவள் முதுகும் ஜரிகையும் தவிர! மீனைக் கீழே இறக்கினேன்; பக்கத்திலிருந்த மிக்சர் தட்டுக்குள் போனது. அவள் முதுகு குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தேன். சிரிக்கிறாள்! அவள் சிரிப்பு என் நெஞ்சில் இடிக்க, எனக்கும் தொற்றிக்கொள்ள, ரயில் வரவேண்டிய இடத்தில் மறுபடியும் மீன் வந்தது. என் கவிதை அங்கேயே கவிழ்ந்தது.

அப்போது துப்பட்டா பறந்தது. ஷாகிதா எழுந்து நின்றாள். தலையணையிலிருந்து கை இரண்டையும் எடுத்தாள். மெஹந்திப் பெண்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். அவள் முதலிலிருந்து தொடங்கினாள்.

அடி விழுந்த உள்ளங்கையிலிருந்து மெஹந்தி தெறித்தது. மீன் துள்ளியது, சுவரில் ஒரு சொட்டு. ரயில் வந்தது, ஃபிசாவின் கன்னத்தில் ஒரு கோடு. கதவு திறந்தபோது ஃபக்ருன்னிசாவின் மூக்குக்கண்ணாடியில் பச்சையாக ஒரு திட்டு விழுந்தது. அவர் துடைக்கக்கூட இல்லை. கடைசியில் ஷாகிதா இரண்டு கையையும் சேர்த்து நெஞ்சில் அழுத்தினாள். புது டிரெஸ், வெளிர் மஞ்சள். போச்சு! நான் உட்கார்ந்த இடத்திலேயே குதித்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பிறகு எல்லாரும் போனைப் பார்த்தோம். முஸ்தகீம் அசையவில்லை. கைகள் பாக்கெட்டில் இருந்தன. ஒரு மாமா அவன் தோளைத் தட்டி என்னவோ கேட்டார். ஷாகிதாவின் முகத்தில் சிரிப்பு வடிந்துபோவதைப் பார்த்தேன். எடுடா கையை, எடுடா என்று மனசுக்குள் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

எடுத்தான்! முதலில் ஒரு கை, பின்பு மற்றொன்று. தலைக்கு மேலே தூக்கி இரண்டையும் படபடவென்று ஆட்டினான். எங்கள் கைதட்டல் அது. அதோடு விடவில்லை. மாமாக்கள் நகர்ந்து வழிவிட, அவன் கை பேச ஆரம்பித்தது. அந்த வேகத்துக்கு எங்களுக்கே கண் கூசியது. ஷாகிதா என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தாள், என் சட்டையும் போச்சு. அவள் மேடை ஏறப்போகிறாள்!

ஃபக்ருன்னிசா மட்டும் போனையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். கூடத்தில் சிரித்தவர்கள், கைமொழி தெரிந்த நாங்கள் மூன்று பேர்தான். அவருக்கு அது உறைத்தது.

“ஏய் ஃபிசா, இன்னா சொல்றான்? என் புள்ள இன்னா சொல்றான்?”

ஃபிசா அவன் கையைப் பார்த்தபடியே சொன்னாள். “உங்களுக்குத்தான் சொல்றாரு மாமி. ‘என் புள்ள அமைதி, யார்கிட்டயும் பேச மாட்டான்னு எல்லார்கிட்டயும் சொல்லிகினு கீறியேம்மா. நான் அமைதி இல்லம்மா, பயங்கர வாயாடி. உனக்குத்தான் தெரியாது’ன்றாரு.”

“வாயாடியா? என் புள்ளயா?” அவர் சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். சிரித்தார், பின்பு அழுதார், அப்புறம் இரண்டையும் சேர்த்துச் செய்தார். “பேசச் சொல்லு அவன.”

“நீங்களே சொல்லுங்க மாமி. உங்களத்தான் பாத்துகினு கீறாரு.”

ஷாகிதா அவர் முன்னால் மண்டியிட்டாள். கலைந்துபோன மெஹந்திக் கையால் மெதுவாகக் காட்டினாள்: பேசு. ஃபக்ருன்னிசா போனை என்னிடம் கொடுத்தார். இரண்டு கையையும் தூக்கினார். அதையே காட்டியதில் பாதி சரி, பாதி தப்பு. அவனுக்குப் புரிந்தது.

முஸ்தகீம் பேசினான். சின்ன வயதில் வாயை மூடிக்கொண்டு விழுங்கிய வெண்டைக்காயில் ஆரம்பித்து, பேச்சுப் பயிற்சி டீச்சரின் வாய் நாற்றம் வரை வந்து, அதற்கும் மேலே போனான். போன் பிடித்த என் கை வலித்தது. சமையற்கட்டிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டார்கள், ஒருவரும் எழவில்லை. ஃபக்ருன்னிசா ஃபிசாவின் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“இரு, இரு. மெதுவா சொல்லச் சொல்லு,” என்றார். “ஒண்ணுகூட வுடாம சொல்லு.”