மங்கை போட்ட மனு

உப்பு சத்தியாகிரகத்துக்கு அடுத்த வருஷம். ராயபுரத்துக் கயிற்றுக் கம்பெனியில் முறுக்கு இயந்திரம் குமாரவேலின் வலக்கையில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. அதற்குமேல் கயிறு திரிக்க முடியாது. அதே கம்பெனியில் கேட் காவலாள் வேலை காலியாக இருந்தது. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் மேசைக்கு வரும் மனுக்களைப் பார்த்துத் துரை ஆளை எடுப்பார் என்றார்கள்.

டோல்கேட்டில் மனு எழுதும் சுப்புராஜிடம் எழுதி வாங்கி வந்தாள் குமாரவேலின் மனைவி மங்கை. உறையை ஒட்டுமுன் உள்ளே ஒரு பிடி அம்மன் கோயில் திருநீறு போட்டாள்.

“இன்னாமே பண்றே?” என்றான் குமாரவேல்.

“கட்டுமரம் மொதமொத கடலுக்குப் போவச்சொல்ல மூக்குல துண்ணூறு பூசுறோமா இல்லியா? மனு மட்டும் இன்னாத்துக்கு வெறுமனே போவணும்?”

“அதுக்கு ஒரு பிடியா?”

“துரை பெரிய ஆளு. சிட்டிகை பத்தாது.”

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கம்பெனி கேட்டில் தொங்கிய பெட்டியில் அதைப் போட்டுவிட்டு மார்க்கெட்டுக்கு மீன் விற்கப் போனாள்.

ஒன்பதரை மணிக்குத் தபால் பியூன் அப்பாவு பெட்டியைத் திறந்து கடிதங்களை ஆபீஸ் மேசையில் பிரித்து வைத்தான். ஒரு உறையின் ஓரத்திலிருந்து வெள்ளைப் பொடி அவன் விரலில் உதிர்ந்தது. அப்படியே நின்றான்.

“இன்னாடா, சிலை மாதிரி நிக்கிறே?” என்றார் ஹெட்கிளார்க் ரகுபதி நாயுடு.

“பொடி கொட்டுது சார். ஸ்டாம்பு இல்ல. அனுப்புனவங்க பேரும் இல்ல.”

நாயுடு நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். கம்பெனிக்குக் கொள்ளி வைப்போம் என்று போன மாசம்தான் ஒரு மொட்டைக் கடிதம் வந்திருந்தது.

“கொண்டுபோய் பாய்லர்ல போடு.”

“வெடிமருந்தா இருந்தா? சுத்தியும் தேங்கா நாரு சார். ராயபுரமே எரியும்.”

“தண்ணித் தொட்டியில அமுக்கு.”

“எழுத்து கலைஞ்சுட்டா யாரு போட்டதுன்னு எப்டித் தெரியும்? கொஞ்சம் சொம்மா இருங்க சார்.”

அப்பாவு உறையைக் குலுக்கவில்லை, மோந்து பார்க்கவில்லை. இருந்த இடத்திலேயே விட்டு, மூலையில் குப்பைக்கு வைத்திருந்த இரும்பு அன்னக்கூடையைக் கவிழ்த்து மூடினான். காற்று வராமல் ஜன்னலைச் சாத்தினான்.

“எல்லாரும் வெளிய போங்க. மூஞ்சிய தொடாதீங்க. சார், உங்க மூக்குப்பொடி டப்பாவ மடியில வையுங்க. இப்ப தும்முனா எல்லாரும் அலறிடுவாங்க.”

“எனக்கே புத்தி சொல்றியா?” என்றார் நாயுடு. டப்பாவை மடியில் செருகிக்கொண்டு முதலில் வெளியே போனவரும் அவர்தான்.

அப்பாவு கதவைப் பூட்டி, குழாயடியில் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினான்.

“போலீசுக்கு ஆள் அனுப்பறேன்,” என்றார் நாயுடு.

“அனுப்புங்க. ஆனா அவங்க கொண்டுபோனா பத்து நாள் வெச்சுப்பாங்க. இன்னிக்கு மனு வர்ற நாளு சார். மேல்விலாசம் சுப்புராஜ் கையெழுத்து. டெய்லி பாக்குறேனே, அவர் போடுற கொம்பு எனக்குத் தெரியாதா? ஒன்றரை மணி நேரம் குடுங்க.”

பூட்டிய கதவை நாயுடு ஒருதரம் பார்த்தார். “பதினொண்ணேகால். அதுக்கு மேல நிக்கமாட்டேன், போலீசுதான்.”

அப்பாவு கம்பெனி சைக்கிளில் டோல்கேட்டுக்குப் பறந்தான்.

“நான் குடுத்த காயிதம் சுத்தம்பா,” என்றார் சுப்புராஜ். “குமாரவேல் சம்சாரம் வாங்கினு போச்சு. மார்க்கெட்ல மீன் விக்கும், பாரு.”

சொன்ன நேரத்துக்குள் அப்பாவு மங்கையோடு வந்து நின்றான். மீன் கூடையை அவள் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். நாயுடு தூரத்திலிருந்தே கேட்டார்.

“உள்ள இன்னா போட்டே?”

“துண்ணூறு சாமி. வேற இன்னா போடுவேன்?”

“யாரும்மா நம்புறது?”

அப்பாவு அவளை உள்ளே கூட்டிப்போய்க் கவிழ்த்திருந்த அன்னக்கூடையைத் தூக்கினான். மங்கை தன் உறைதான் என்று பார்த்துக்கொண்டு, மேசையில் சிந்தியதை நெற்றியில் இட்டு, ஒரு சிட்டிகை வாயிலும் போட்டுக்கொண்டாள். வழியில் அப்பாவு சொன்ன விஷயம் பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

“எரிக்கப் பாத்தீங்களா சாமி? ஒரு கையில அவரு வலை கூட இழுக்க முடியாது. இந்த வேலையும் போச்சுன்னா...”

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். நாயுடு உள்ளே வந்தார். உறையைத் தானே கிழித்து, மனுவைத் தட்டித் துடைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பியூன் கையில் கொடுக்காமல் தானே துரையின் அறைக்குள் கொண்டுபோனார்.

உள்ளே வெகுநேரம் பேச்சுக் குரல் கேட்டது.

“நம்மள திட்டுறாரா?” என்றாள் மங்கை.

“நாயுடு குரல்தான் ஒசந்து கேக்குது. அது நல்லதுக்குத்தான்,” என்றான் அப்பாவு.

நாயுடு வெளியே வந்தார்.

“திங்கக்கிழமை காலைல ஆறு மணிக்கு உன் புருஷனை வரச் சொல்லு. ஒரு கையால கேட்டைத் தொறப்பானான்னு துரை கேட்டாரு. தொறக்குறதவிட, பெட்டியில யாரு இன்னா போடுறாங்கன்னு நின்னு கேக்க ஆளு வேணும்னு சொன்னேன், சரின்னுட்டாரு. கேட்டுல ஆளு இருந்திருந்தா இன்னிக்கு இவ்ளோ பேஜாரு இல்ல.”

“கேப்பாரு சாமி. நல்லா கேப்பாரு,” என்றாள் மங்கை. பேச்சு முடியுமுன்பே மீன் கூடையை நினைத்து மார்க்கெட்டுப் பக்கம் ஓடினாள்.